கோயமுத்தூரில் ஒரு கோடை

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் சொல்லி வருகிறேன். பூவின் பாகங்களைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. ஆனால், "இது உண்மைதானா? நாமே பார்த்துவிடலாமே!" என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதன் பின்னாலேயே நாலு வாரம் நடந்து போகும் பாக்கியம் சென்ற கோடையில்தான் எனக்குக் கிடைத்தது. மன்னார்குடிப் பக்கத்து உபாத்தியாயினியாகிய நான், கோயமுத்தூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் மே மாதம் முழுவதும் மாணவியாக இருந்துவிட்டு வந்தேன்.

அங்கே கற்ற விஞ்ஞானத்தை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. படுக்கை, சாப்பாடு, தண்ணீர், சாவி முதலிய அற்ப விஷயங்களைப் பற்றியே சொல்லப் போகிறேன். அற்ப விஷயங்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் நடந்த ஒரு சம்பவம் அந்த நினைப்பை அடியோடு மாற்றிவிட்டது.

ஆராய்ச்சிக்கு வாய்த்த ஊர்

மன்னார்குடியிலிருந்து இரவு ரயிலில் ஏறிப் படுத்தவள் கண் விழித்தபோது, பலகணிக்கு வெளியே வேறொரு தேசம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் தானாக வாய்க்கால் வழியே வயலைத் தேடி வரும். கொங்கு நாட்டிலோ மனிதன் தண்ணீரைத் தேடிப் பூமிக்குள் இறங்க வேண்டும். கிணற்றைச் சுற்றிய நிலத்துக்குத் 'தோட்டம்' என்று பெயர். தோட்டத்தின் நடுவே குடியிருக்கும் வீட்டுக்குச் 'சாளை' என்று பெயர். ஒவ்வொரு சாளையும் தனித்தனி ராஜ்யம் போல், தென்னையும் வேம்பும் காவல் நிற்க, எட்டி எட்டி இருக்கிறது. மேற்கே மலைத்தொடர் நீலமாக எழுந்து நிற்கிறது. அந்த மலைச் சுவரில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது. அதன் வழியாக வரும் காற்றுத்தான் இந்த ஊருக்குப் பிறவிச் சொத்து. மே மாதப் பகலில் வெயில் இங்கேயும் வெயில்தான். ஆனால் கடல் மட்டத்துக்கு 1,300 அடிக்கு மேல் இருக்கும் ஊராகையால், இரவில் உடம்பு பிசுபிசுக்காமல் உறங்கலாம்.

கோயமுத்தூர் என்றதும் பலருக்குப் பஞ்சாலையும் மோட்டார் பம்பும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது விதையும் வேரும். சென்னைச் சைதாப்பேட்டையில் 1868-இல் ஒரு பண்ணையாகத் தொடங்கிய விவசாயக் கல்வி, 1906-இல் இந்த ஊருக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கலாசாலையே 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. நெல்லுக்கு ஒன்றும் கரும்புக்கு ஒன்றுமாக இரண்டு இனவிருத்தி நிலையங்கள் 1912-இல் இங்கே ஏற்பட்டன. 1902-இல் திறக்கப்பட்ட காஸ் வனப் பொருட்காட்சிச்சாலையும் அதிக தூரத்தில் இல்லை. லாலி ரோடு நாற்சந்தியில் நின்றுகொண்டு சுற்றிப் பார்த்தால், ஒரு நூற்றாண்டின் தாவர சாஸ்திரம் கூப்பிடு தூரத்தில் இருப்பதாகவே தோன்றும்.

கரும்பு நிலையம் இங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கரும்பு எல்லா ஊரிலும் நன்றாகப் பூப்பதில்லை, கோயமுத்தூரில் பூக்கிறது. பூத்தால்தானே கலப்புச் செய்யலாம்? டி. எஸ். வெங்கட்ராமன் முதலியோர் நல்ல கரும்பையும் காட்டு நாணலையும் இணைத்து உண்டாக்கிய 'கோ 205' என்ற ரகம் 1918-இல் வெளிவந்து, வடநாட்டு வயல்களுக்குப் போயிற்று. அந்த முதல் 'கோ' கோயமுத்தூரைத்தான் குறிக்கிறது. கோடையில் வரும் என் போன்றவர்களுக்கு ஒரு துரதிருஷ்டம்: கரும்பு பூப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். வைகாசியில் வந்தால் தோகையைத்தான் பார்க்கலாம்.

மூட்டையில் என்ன வேண்டும்?

இனி, அடுத்த கோடையில் இப்படிப் புறப்பட இருக்கும் சகோதர சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்.

கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் விடுதி அறைகள் காலியாகின்றன. அவற்றைத்தான் நமக்குக் கொடுக்கிறார்கள். அறையில் கட்டிலும் மேஜையும் நாற்காலியும் இருக்கும். மெத்தை இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஜமக்காளம், போர்வை, கொசுவலை, வாளி, குவளை, ஒரு நல்ல பூட்டு ஆகியவற்றைக் கொண்டு போவது நலம். பூட்டுக்கு இரண்டு சாவி இருக்க வேண்டும். ஒன்றைக் கூட இருப்பவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். நான் மூன்றாம் நாளே சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

முழங்கால் வலி உள்ளவர்கள் தரைமட்டத்து அறை வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். வந்த பிறகு கேட்டால், தரைமட்டத்து அறைகளெல்லாம் மாடி ஏறக்கூடிய இளைஞர்களிடம் போயிருக்கும். நாற்பதைத் தாண்டிய நாம் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வாளியைத் தூக்குவதில் ஒரு பெருமையும் இல்லை.

தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம், சம்பளச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், நாலைந்து புகைப்படம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இவை இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாமல் நூல்நிலையம் இல்லை. பிரயாணப்படி முடிவில்தான் வரும். ஆகையால் ஒரு மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். மாதக் கடைசியில் கடன் வாங்கிப் புறப்படும் உபாத்தியாயர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. சிலர் வராமல் நின்றுவிடுவதற்கே இதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

குடையை மறக்கக் கூடாது. மே கடைசியில் மேற்கு வானம் கறுத்து, சாரல் திடீரென்று வரும்.

சாப்பாடும் தண்ணீரும்

இந்த ஊரில் தண்ணீருக்கு இரண்டு ஜாதி. ஒன்று 'நல்ல தண்ணி', மற்றொன்று 'உப்புத் தண்ணி'. குடிப்பதும் சமைப்பதும் முதலாவதில். குளிப்பதும் துவைப்பதும் இரண்டாவதில். சிறுவாணித் தண்ணீரை இந்த ஊரார் புகழ்வதைக் கேட்டால், ஏதோ அமிர்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றும். காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு முதல் நாள் கொஞ்சம் ரோஷம் வந்தது. இரண்டாம் நாள் ஒரு செம்பு குடித்துவிட்டு, ரோஷத்தைக் கைவிட்டேன். ஆனால் எந்தக் குழாயில் எது வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாயில் வைக்கக் கூடாது.

விடுமுறையில் சமையல்காரர்களும் ஊருக்குப் போவதால், ஐந்து போஜனசாலைகளில் ஒன்றுதான் நடக்கும். காலைப் பலகாரம் எட்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று திட்டம். எட்டரைக்குப் போனால் பாத்திரம் கழுவும் சப்தத்தைத்தான் கேட்கலாம். எங்கள் அதிர்ஷ்டம், பரிமாறும் அம்மாள் தாயுள்ளம் படைத்தவர். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம், கொள்ளுப் பருப்பு, ஒரு நாள் சந்தகை, ஒரு நாள் ஒப்பிட்டு என்று கொங்கு நாட்டுப் பக்குவங்களையெல்லாம் காட்டினார். "ஏனுங்க டீச்சர், இத்தனூண்டு தின்னா எப்பிடீங்க பாடம் படிக்கறது? இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று அவர் சொல்லும்போது, மறுக்கத் தைரியம் வராது.

ஒன்பதாம் நாள்

எங்கள் கூட்டத்தில் இருபத்தாறு பேர். பெண்கள் ஏழு பேர். அவர்களில் இளையவர் தாராபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கிராமத்துப் பள்ளி ஆசிரியை. அவர் கொண்டு வந்த கேள்விதான் எங்கள் எல்லாருடைய கேள்வியிலும் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். அவர்கள் தோட்டத்துக் கிணற்று நீர் வருஷத்துக்கு வருஷம் உப்பேறி வருகிறதாம். "கம்பு எந்த அளவு உப்பு வரைக்கும் முளைக்கும்? அதுக்கு மேலே போனா எங்கப்பா என்னத்த விதைக்கிறது?" இதுதான் அவர் கேள்வி. என்னுடையதோ மிகவும் எளியது. வெங்காய வேர் நுனியில் உள்ள உயிரணுவில் பதினாறு இழைகள் உண்டு என்று இருபது வருஷம் பாடம் சொன்னவள், அந்தப் பதினாறையும் என் கண்ணால் எண்ணிவிட வேண்டும் என்று வந்திருந்தேன்.

கம்பு விதையை ஈரத்தாள் விரித்த கண்ணாடித் தட்டுகளில் பரப்ப வேண்டும். தட்டுக்கு ஐம்பது விதை, எட்டுத் தட்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் உப்பின் அளவு வேறு. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் முளைத்தவற்றை எண்ண வேண்டும். ஒரு வேளை தவறினாலும் எது எப்போது முளைத்தது என்ற கணக்குப் போய்விடும். நானூறு விதையும் வீண்.

அந்த ஆசிரியைக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை. விடுதியில் பயிற்சிக்கு வந்தவர்கள் மட்டுமே தங்கலாம் என்பது விதி. அதனால் அவர் தம் தாயாரையும் குழந்தையையும் அழைத்து வந்து, வடவள்ளியில் ஒரு சிறு அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். விடியற்காலையில் குழந்தை எழுவதற்கு முன் புறப்பட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஆறேகால் ஆகிவிடும். மாலைக் கணக்கை முடித்துவிட்டுப் போனால், குழந்தை அழுதழுது உறங்கியிருக்கும். முதல் தொகுதி விதைகள் இப்படியே கெட்டன. இரண்டாம் தொகுதியை ஏழாம் நாள் பரப்பினார். எட்டாம் நாள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

ஒன்பதாம் நாள் காலை அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தட்டுகளை எண்ணி, நோட்டில் எழுதிவிட்டு, நோட்டை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நான் ஊருக்குப் போறேனுங்க. இதைத் தூக்கிப் போட மனசு வரலீங்க."

விதியைச் சொன்ன விடுதி அதிகாரியை நான் குறை கூறவில்லை. நாங்கள் ஏழு பேரும் போய்க் கேட்டபோது, அவர் முகம் எங்கள் முகத்தைவிட வாடியிருந்தது. தம்மிடம் இல்லாத அதிகாரத்தை அவர் எப்படிக் காட்டுவார்? ஸ்தாபனத்தின் பெயரையும் நான் வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த விதி அங்கே மட்டும் இருப்பதன்று. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வேறோர் ஊரிலிருந்து எனக்கும் இது போன்ற அழைப்பு ஒன்று வந்தது. அப்போது என் மகனுக்கு வயது மூன்று. "வர இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று எழுதிப் போட்டேன். ஏன் இயலவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓர் ஆசிரியைக்குக் கிடைத்த அறை

அன்று மாலை கரும்பு நிலையத்தின் பக்கமாக நடந்து போனேன். ஜானகி அம்மாளின் நினைவு வந்தது.

இ. கே. ஜானகி அம்மாள் 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியை. ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஏற்பட்டிருந்த பார்பூர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. வெறும் தொகை மட்டும் கிடைக்கவில்லை. தங்குவதற்கு மார்த்தா குக் என்ற பெண்கள் விடுதியில் இடமும் கிடைத்தது. 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934-இல் கோயமுத்தூர்க் கரும்பு நிலையத்துக்கு வந்து, 1939 வரை இங்கே உழைத்தார். கரும்பை மக்காச்சோளம் முதலிய வேறு புல்லினங்களோடு கலந்து, அந்தக் கலப்புகளின் உயிரணுக்களை ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிரிடும் செடிகளின் உயிரணு இழைகளைத் தொகுத்துக் காட்டும் பெருநூலை 1945-இல் வெளியிட்டார். தேசம் விடுதலை அடைந்த பின், நேருவின் அழைப்பை ஏற்றுத் திரும்பி வந்து, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

அவருடைய மேதையை விடுதி அறை உண்டாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கரும்புப் பூ மலர்வது விடியற்காலையில். வேர் நுனியை வெட்டி எடுக்க வேண்டியதும், உயிரணுக்கள் பிரியும் காலை வேளையில். செடிக்கு ஆபீஸ் நேரம் தெரியாது. பஸ் நேரமும் தெரியாது. ஆகையால் செடியை ஆராய்கிறவர் செடிக்குப் பக்கத்தில் உறங்க வேண்டும். நுண்பெருக்கிக் கண்ணாடி எப்படி ஆராய்ச்சிக் கருவியோ, அப்படியே தங்கும் அறையும் ஒரு கருவிதான். கண்ணாடி இல்லாமல் ஒருவரை ஆராய்ச்சிக்கு அழைத்தால் சிரிப்போம். அறை இல்லாமல் அழைத்தால் மட்டும், "வரவில்லையே, ஆர்வம் போதாது" என்கிறோம்.

என்ன செய்யலாம்?

கோடைப் பயிற்சி நமக்குப் புதிதன்று. அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 1953-இல் உபாத்தியாயர்களுக்கான கோடைக் கழகங்களைத் தொடங்கிற்று. நம் நாட்டில் 1963-இல் பல்கலைக்கழக மானியக் குழு முதலியவை அந்த மாதிரியைப் பின்பற்றி அமெரிக்க உதவியுடன் ஆரம்பித்தன. பிற்காலத்தில் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து, மாணவர்களோடு ஆசிரியர்களுக்கும் இரண்டு மாத ஆராய்ச்சி நல்கைகளை வழங்கி வந்திருக்கின்றன. அமெரிக்கக் கோடைக் கழகங்களில் இருந்த ஒரு பழக்கத்தை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். வந்த உபாத்தியாயருக்கு மட்டுமன்றி, அவரை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் கணக்கிட்டு அங்கே உதவித்தொகை கொடுத்தார்கள். உபாத்தியாயருக்குக் குடும்பம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் பேறுகால நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் நாலு வாரத்துக்கு விருந்தாளியாக வரும் ஆசிரியை அந்தக் கணக்கில் வருவதில்லை.

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. காலியாகக் கிடக்கும் விடுதியில் தரைமட்டத்து அறைகள் நான்கைக் குழந்தையோடு வருபவர்களுக்கு ஒதுக்கலாம். உடன் வரும் பாட்டியிடம் சாப்பாட்டுச் செலவை வாங்கிக்கொள்ளலாம். பிரயாணப்படியில் பாதியை முன்பணமாகக் கொடுக்கலாம். விண்ணப்பத்தாளில், "உங்களுக்கு என்ன வசதி தேவை?" என்று ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் பதில் எழுதியிருப்பேன்.

கணக்கு முடிந்தது

கம்புத் தட்டுகளை நாங்கள் விடவில்லை. ஆறு பேரும் முறை வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் எண்ணினோம். விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நூறு அடிதான். எங்களுக்கு அது ஒரு சிரமமே அல்ல. உப்பு ஏற ஏற முளைப்பது தாமதமாவதையும், பிறகு குறைவதையும், கடைசி ஜோடித் தட்டில் விதை ஊறிப் பருத்தும் வாய் திறவாமல் கிடப்பதையும் பார்த்தோம். மூன்றாம் தொகுதியையும் நாங்களே பரப்பினோம். என் வெங்காய வேரிலும் ஒரு நாள், பதினாறும் தெளிவாகப் பிரிந்து நின்றன. இரண்டு முறை எண்ணிவிட்டு, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு அவரையும் எண்ணச் சொன்னேன்.

கடைசி நாள் அறிக்கைகளைச் சமர்ப்பித்தபோது, கம்பு அறிக்கையின் மேல் தாராபுரத்து ஆசிரியையின் பெயரை முதலில் எழுதினோம். இருபத்தெட்டு நாளும் வராதவருக்குச் சான்றிதழ் கிடையாது என்றார்கள். அறிக்கையின் நகலை மட்டும் வாங்கி, அவருக்குத் தபாலில் அனுப்பி வைத்தேன்.

பதில் வந்தது. குழந்தை சௌக்கியம். அவர் தகப்பனார் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாராம். அறிக்கையில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்த ஆடிப்பட்டத்தில் எந்தத் தோட்டத்தில் கம்பு விதைப்பது என்று முடிவு செய்யப் போகிறாராம். கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி: "அடுத்த கோடையில் பாப்பாவுக்கு மூன்று வயது. அப்போதாவது இடம் கொடுப்பார்களா, அக்கா?"

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.